காலை எடுத்தால் ஓடும்

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் வந்து என் இடது கையைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேய் ராத்திரிதான் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ! எனக்கு வந்தது பட்டப்பகலில். மணி இரண்டே முக்கால்.

நான் தையல்காரி. விரல்தான் எனக்குச் சோறு. அன்று காலை கரண்ட் மெஷினின் கால் பெடல் கெட்டுப்போனது. தொட்டாலே தலைதெறிக்க ஓடியது. என் கொழுந்தன் ரிப்பேர்காரன். எந்நேரமும் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பேரே ‘ஈயம்’. பெடலைப் பிரித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“பொட்டென்ஷியோமீட்டர் போச்சு அண்ணி. ரேடியோவுல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மாதிரி. இது வேகத்தைக் கூட்டும்.”

“போச்சுன்னா வாங்கிப் போடு. என்ன வியாக்கியானம்?”

கடை கடையாக ஏறி இறங்கினான். அந்த அளவு எங்கேயும் இல்லை. கடைசியில் பழைய இரும்புக் கடையில் ஒரு பெடல் கிடைத்தது. அதிலிருந்ததைக் கழற்றி என்னுடையதில் வைத்தான்.

அழுத்தினேன். மெஷின் அசையவில்லை. காலை எடுத்தேன். பாய்ந்து ஓடியது!

“பழசுல இருந்தபடியே கம்பியை வச்சேன். அதுல தலைகீழா இருந்திருக்கு. எந்த மடையன் பார்த்த வேலையோ!”

ஓரத்துக் கம்பிகள் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தான். சரியாகிவிட்டது. சாப்பிடப் போனான்.

நான் தைத்தேன். வெயில். உண்ட மயக்கம் வேறு. கண் லேசாகச் சொருகியது...

“தூங்காத.”

காதோரம் ஒரு பெண் குரல். திடுக்கிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை.

பயத்தில் காலை எடுத்தேன்.

டக்... டக்... டக்...

மெஷின் நிற்கவில்லை.

டக்டக்டக்டக்...

கையை இழுத்தேன். வரவில்லை.

என் கைமேல் ஒரு கை. சில்லென்று.

ஊசியை நோக்கித் தள்ளியது.

அந்தக் கையில் ஆள்காட்டி விரல் இல்லை.

அலறினேன்...

எனக்கும் இப்போது இல்லை.

சிதைந்த விரலை எடுத்துவிட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஈயம் நேராக இரும்புக் கடைக்குத்தான் சண்டைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“ஒரு தையல் கம்பெனிப் பெடலாம் அண்ணி. வேலை செய்யற பொண்ணுங்க கண் அசரக் கூடாதுன்னு முதலாளியே கம்பியை மாத்தி வச்சானாம். கால் தளர்ந்தா மெஷின் ஓடும். ஒருத்தி அசந்துட்டா. விரல் போச்சு. அவ தைச்சிட்டிருந்த ரத்தம் பட்ட சட்டையைக் கழுவி வித்துட்டு, அவளை அன்னிக்கே துரத்திட்டான். புண்ணு புரையோடிச் செத்துட்டாளாம்.”

“பாவி!” என்றேன்.

அவன் என் பெடலைத் திறந்தான். வெகு நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“நான் மாத்தி வச்ச கம்பி... மறுபடி தலைகீழா இருக்கு அண்ணி.”

“நீதான் மறந்திருப்பே.”

“இல்ல. நான் வச்ச ஈயம் பளபளன்னு இருக்கணும். இது கறுத்துக் கிடக்கு. வச்சுப் பல வருஷம் ஆன மாதிரி.”