கடிபடாத ரொட்டி

நிலவறையில் மூன்று பழைய தையல் இயந்திரங்களோடு தொடங்கியவள் ஷைர்குல். இன்று பிஷ்கெக் நகரத்தில் ஜன்னல் வைத்த கூடம், பதினேழு இயந்திரங்கள். கணவன் விட்டுப்போன குளிர்காலத்தைத் தாண்டினாள். எல்லை மூடிச் சரக்கு தேங்கிய ஆண்டில்கூடத் தையல்காரி ஒருத்தியையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லாம் அவள் வென்றது. ஆனால் வாடகைப் பத்திரமானாலும் வரித் தாளானாலும் கையெழுத்து அக்கா புரூலுடையது; ஷைர்குல் எதிலும் பேனா வைத்ததில்லை.

காலையில் கதவைத் திறந்ததும் ஷைர்குல் சுவரைத்தான் பார்ப்பாள். ஆணிகளில் ஏழு வட்ட ரொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கடி. அங்கே வழக்கப்படி, ஊரைவிட்டுப் போகிறவர் ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போவார். மிச்சத்தைத் தின்னத் திரும்பி வரவேண்டும். மாஸ்கோவுக்குப் போனவர்கள் ஆறு பேர். எதிர்த்தெருப் புதுத் தொழிற்சாலைக்குப் போனவளையும் வற்புறுத்திக் கடிக்க வைத்தாள். ஒருத்தியும் வரவில்லை, ரொட்டிகள் கல்லாகிவிட்டன.

ரொட்டி இருந்தால்தானே போவார்கள் என்று, இந்தக் குளிர்காலத்திலிருந்து பட்டறைக்குள் ரொட்டியே வரக்கூடாதென்றாள். மதியம் நூடுல்ஸ் மட்டும். "டீக்குத் தொட்டுக்க ஊசியாவது குடுங்கக்கா" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

காலர் தைக்கும் அய்ஜரிக்கின் முதுகுக்குப் பின்னால்தான் அவள் அதிகம் நிற்பாள். அந்தக் காலரைத் தடவிப் பார்த்துத்தான் வியாபாரிகள் சரக்கெடுக்கிறார்கள். அய்ஜரிக்கின் போன் அடித்தால் ஷைர்குலுக்குக் கையிலிருக்கும் இஸ்திரிப்பெட்டி மறந்துபோகும். இரண்டு சட்டைகள் கருகிவிட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை அய்ஜரிக் பைக்குள்ளிருந்து ஒரு ரொட்டியை எடுத்து வெட்டுமேசைமேல் வைத்தாள்.

"எதிர்த்தாப்புல கூப்பிடறாங்கக்கா."

"எவ்வளவு கூடத் தராங்க? நானும் தர்றேன்."

"சம்பளத்துக்காக இல்லக்கா. புள்ளைக்குக் காய்ச்சல்னா சம்பளத்தோட லீவு. பேப்பர்ல எழுதித் தராங்க."

"நான் என்னிக்காவது இல்லேன்னேனா? பேப்பரெல்லாம் அந்நியங்களுக்குடி. நீ என் தங்கச்சி!"

"தங்கச்சிதான். அதான் ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டியிருக்கு."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஷைர்குல் ரொட்டியைப் பார்த்தாள். இன்னும் கடிபடவில்லை. அக்காவுக்கு போன் செய்து, லீவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொன்னாள்.

புரூல் தாளோடு வந்தாள். எட்டாவதுக்குமேல் படிக்காதவள், ஆனால் அளவுகோல் வைத்துக் கோடு போடாமல் ஒரு வரி எழுதமாட்டாள். லீவு பற்றிய வரியை இரண்டு முறை உரக்கப் படித்தாள். பிறகு வழக்கம்போலப் பேனாவைத் திறந்தாள்.

"குடுக்கா, நான் போடறேன். என்கிட்டதானே வேலை பாக்கறா."

"கோட்டு மேலேயே போடு. தையல் மாதிரி நேரா வரணும்."

ஷைர்குல் முதலில் அந்த ரொட்டியைக் கையால் பிட்டு, முதல் துண்டை அய்ஜரிக்கிடமும் மிச்சத்தை மற்றவர்களிடமும் கொடுத்தாள். பிறகு, துகள் ஒட்டிய விரல்களோடு குனிந்தாள். எழுத்து கோட்டைவிட்டு ஏறி இறங்கியது. அக்கா அதன் கீழே தேதியை எழுதினாள்: 14 மார்ச் 2023.