பதினாலாம் போர்ட்

நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம். ஆனால் இது நடந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், பட்டப்பகலில். நிக்கலஸ் இதை ஒருவரிடம் மட்டும்தான் சொன்னான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்ன நேர்சிங் ஹோம். மேல்மாடி அறைகளின் தொலைபேசிகள், கமராக்கள், டாக்டர் நோயாளிகளோடு பேசும் வீடியோ எல்லாம் மேலேயுள்ள நெட்வேர்க் சுவிட்சில் சேர்ந்து, ஒரே கேபிளால் கீழே இறங்கின. வீடியோ அடிக்கடி உறைந்து நின்றது. நெரிசல் வந்தால் எது முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று சுவிட்சில் அமைத்துக் கொடுக்க, மனேஜர் சவுந்தரநாயகம் ஞாயிற்றுக்கிழமை நிக்கலஸைக் கூப்பிட்டிருந்தார்.

வீடியோவை மேலே வைத்தான். அறைத் தொலைபேசிகளையும் மேலே வைத்தான். குரலுக்கு வேண்டிய இடம் மிகக் கொஞ்சம்.

தேநீர் கொண்டுவந்த தாதி றோஸி திரையை எட்டிப் பார்த்தாள்.

"பதினாலாம் அறையைக் கடைசியில போடுங்கோ அண்ணா. ஜீவராணி அம்மா. தலையணை சரிஞ்சாலும் கோல் எடுப்பா."

"போட்டா விட்டு விட்டுத்தான் கேக்கும்."

"எங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்."

தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காகப் போட்டான். அவள் சிரித்தாள். மணி 2.50.

செவ்வாய்க்கிழமை மனேஜர் மறுபடி கூப்பிட்டார். தாதியர் மேசைத் தொலைபேசி அடிக்கிறதாம். எடுத்தால் வெறும் இரைச்சலாம். நிக்கலஸ் அந்த மேசையிலேயே லாப்டாப்பை விரித்தான். ஜீவராணி அம்மாவின் அறைக் கேபிளைச் செருகும் பதினாலாம் போர்ட்டில், வழியில் விழுந்துபோன குரல் துண்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

சரியாக 3.17. தொலைபேசி அடித்தது. இலக்கம் 14. எடுத்தான்.

"தம்... கேக்... மூச்..."

"சொல்லுங்கோ அம்மா."

"...ச்சு... யாரா..."

பதினாலை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினான். எண்ணிக்கை நின்றது.

குரல் தெளிந்தது. காதுக்குள்ளேயே இருந்து பேசுவதுபோல.

"இப்ப கேக்குதா?"

"ஓம்."

"இப்பதான் கேக்குது, இல்ல?"

பிறகு பேச்சில்லை. வைத்த சத்தமும் வரவில்லை...

இரண்டிரண்டு படியாக ஏறினான். பதினாலாம் அறையில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தொலைபேசி இருந்த இடத்தில், தூசிக்கு நடுவே ஒரு சதுரம்.

சுவிட்சை நோக்கி ஓடினான். பதினாலில் கேபிளே இல்லை.

ஆனாலும் அதன் பச்சை விளக்கு... மினுங்கியது.

பின்னால் றோஸி.

"அவ ஞாயிறே கண்ணை மூடிட்டா அண்ணா."

"எத்தனை மணிக்கு?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "மூண்டு பதினேழுக்குக் கோல் வந்தது. ஒண்டும் விளங்கேல்ல. நான்... சிரிச்சிட்டு வச்சிட்டன்."

அவளைக் கேட்கும் தகுதி நிக்கலஸுக்கு இல்லை. படிவத்தில் 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதி, மனேஜரிடம் கையெழுத்து வாங்கினான்.

போகுமுன் அழைப்புப் பதிவைப் பார்த்தான். ஞாயிறு, 3.17இலிருந்து 3.41 வரை, பதினாலிலிருந்து ஒன்பது அழைப்புகள். ஒன்பதையும் யாரோ எடுத்திருந்தார்கள்.

செவ்வாய், ஒரே ஒரு அழைப்பு. தொடக்கம் 3.17.

முடிந்த நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

இன்றும் வெறுமைதான்.