சேகர் கொடுத்த கூலர்

இடது காலில் அடிபட்டதிலிருந்து என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கார்.

வெயிலில் அதன் கியர் ஆயில் கொதித்துப்போகிறது. குளிரவைக்க ஒரு கூலர் மாட்ட வேண்டும், ஆனால் கையில் பணம் குறைவு. அதே மாடல் கார் வைத்திருக்கும் அலுவலக நண்பன் சேகரிடம் யோசனை கேட்டேன்.

"புதுசு வேஸ்ட்டு மச்சான். என்னாண்ட நல்லதா ஒண்ணு கீது, அத்த வாங்கிக்கோ" என்றான். வாங்கி மாட்டினேன்.

இன்று செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கூலர் வெடித்து ஆயிலெல்லாம் ரோட்டில். குனிந்து பார்த்தால் வெடித்த இடத்தில் பழைய பற்றவைப்பு. மேலே கறுப்பு பெயிண்ட்.

செல்போனில் கூப்பிட்டதும் சேகர் தன் காரிலேயே வந்துவிட்டான். அதன் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் புத்தம்புது கூலர் ஒன்று மின்னியது.

"இது எப்ப மாட்டின?"

"உனக்கு குடுத்தது என் வண்டில ஒழுகிகினு இருந்துச்சே, அப்பவே."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீதானே மச்சான் பட்ஜெட்டு கம்மின்ன."

பத்து வருடப் பழக்கம். அவன் முகத்தில் கூச்சம்கூட இல்லை. என் காரை ஓரமாகப் பூட்டிவிட்டு, செங்கல்பட்டு வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எந்த கூலர் நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விற்பதற்கு ஒன்று வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.