அமெரிக்காவின் பேரில் ஓர் அர்ச்சனை

மொழிபெயர்ப்பாளர் அறைக்குள் இருக்கிறார் என்பதை எல்லோரும் மறந்துபோனால், அன்றைக்கு அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். கவுன்சில் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டியவர்கள், டொக்டர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு அப்பாவுக்கு மீதியைச் சொன்னவர்கள், எல்லோரும் இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து பாடுபட்டவர்கள்தான். எனக்குச் சம்பளம் கிடைத்தது, அவ்வளவே வித்தியாசம்.

நான் கடைசியாக வேலை செய்தது லண்டனில் ஹெலன் என்ற சட்டத்தரணியின் அலுவலகத்தில். அவர் பார்த்ததெல்லாம் ஒரே வகை வழக்கு. அமெரிக்க அரசாங்கத்துக்குப் பொருள் விற்கிறவர் ஏமாற்றினால், விசயம் தெரிந்த எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், அந்த அரசாங்கத்தின் சார்பில் தானே அங்கே வழக்குப் போடலாம். வென்றால் அவருக்கும் ஒரு பங்கு. ஆனால் வழக்கை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். நீதிமன்றம் முத்திரையை உடைக்கும்வரை, அப்படி ஒரு வழக்கு இருக்கிறது என்று மூச்சுக் காட்டக்கூடாது. காட்டினால் வழக்கே போகலாம்.

எனக்கு அது சுலபம். ஸ்ட்ரெதமில் என் வீட்டில் கேட்க ஒருவரும் இல்லை. லண்டனில் எங்கள் சனம் நிறைந்த செவன் கிங்ஸில் இருந்து வழக்குப் போட வந்த மங்களாவுக்குத்தான் பாடு. வழக்கு முடிந்துவிட்டது, எழுதலாம் என்று அவளே சொன்னாள். பெயர் மட்டும் நான் வைத்தது.

எந்தச் சொல்

மங்களா வேலை செய்தது காயத்துக்குக் கட்டும் பண்டேஜ்களைப் பொதி செய்யும் தொழிற்சாலையில். அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் சரக்கு. ஒவ்வொரு பொதியிலும் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். கிருமி நீக்கும் சூட்டுக்குள் போய் வந்தால் அதன் இளஞ்சிவப்பு மண்ணிறமாக மாறும். ஒருநாள் ஸ்டிக்கர் சுருளே மண்ணிறமாக வந்து இறங்கியது. சூடு காணாத பொதிகளில் அதை ஒட்டச் சொன்னார்கள். மங்களா ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே ஒன்றை எடுத்து, கைப்பையில் இருந்த முருகன் படத்தின் பின்பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

முதல் நாள் ஹெலன் நடைமுறையை விளக்கும்போது ‘இன்ஃபோமர்’ என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் ஊரில் அந்த வேலைக்கு இருந்த சொல், யுத்த காலத்தில் சாக்கால் முகம் மூடி நின்று, ராணுவத்துக்கு ஆளைத் தலையாட்டிக் காட்டியவர்களுக்கு உரியது. அந்தத் தலையாட்டலோடு போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆகவே “அரசாங்கத்துக்குத் தகவல் வழங்குகின்ற பெண்மணி” என்று நீட்டி முழக்கினேன். மங்களா கையைக் காட்டி என்னை மறித்தாள்.

“அக்கா, சுத்தி வளைக்காதேங்கோ. காட்டிக்குடுக்கிறவள் எண்டுதானே சொல்லுறா? நாளைக்கு எங்கட சனமும் அதைத்தான் சொல்லும்.”

பங்கு கேட்டவர்

வட லண்டன் எட்மண்டனில் இருந்து ஒருவர் வந்தார். அரசாங்கத்தை ஏமாற்றுகிறவரை அறிவித்தால் பங்கு கிடைக்கும் என்று எதையோ பத்திரிகையில் படித்திருக்கிறார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தடித்த கோப்பு. அவருடைய மச்சான் வேலையில்லை என்று அரசாங்கத்திடம் பெனிபிட் காசு எடுத்துக்கொண்டே ஒரு கடையில் வேலையும் செய்கிறாராம். படம் பிடித்து, நாள் குறித்து, அடுக்கி வைத்திருந்தார். எங்கள் பரீட்சைகளுக்குக்கூட நாங்கள் அப்படிக் குறிப்பெடுத்ததில்லை.

ஹெலன் பொறுமையாகச் சொன்னார், நான் அதைவிடப் பொறுமையாகத் தமிழில் சொன்னேன்: முன்னொரு காலத்தில் இந்த நாட்டிலும் அப்படிச் சட்டம் இருந்தது, அறிவித்தவருக்குப் பங்கும் கொடுத்தார்கள், பிறகு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அழைத்துச் சொல்லலாம், நன்றி சொல்வார்கள். அவர் கோப்பை மூடினார். மச்சான் அன்றைக்குத் தப்பினார். கோப்புக்காரர் வாசலில் நின்று கேட்டார்:

“அப்ப இந்த நாட்டில சும்மாவோ காட்டிக்குடுக்கிறது?”

திரையில் மூன்று பேர்

அமெரிக்க அரசாங்க வழக்கறிஞர்கள் மூன்று பேர் திரையில் தோன்றி மங்களாவைத் துருவினார்கள். எந்த மேசை, எந்த ஷிப்ட், யார் ஒட்டச் சொன்னது. முருகன் படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள், பிறகு திருப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கடைசியாக, ஏன் சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் பதிலை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது மூவரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான்.

“என்ர தம்பியின்ர கால் போனது ஷெல்லால இல்லை. காயத்துக்குக் கட்டின சீலையால.”

நட்சத்திரம்

வழக்கில் வாதி அமெரிக்க அரசாங்கம், நீங்கள் அதன் சார்பில் நிற்கிறீர்கள் என்று ஹெலன் சொன்னதை மங்களா அப்படியே மனதில் எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் துண்டு எழுதப் போனவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன் பேரில் செய்தால் பலன் வாதிக்குப் போய்ச் சேருமா? சேராது. ஆகவே துண்டில் ‘அமெரிக்க அரசாங்கம்’ என்று எழுதிக் கொடுத்தாள். ஐயர் அதைச் சத்தமாக வாசித்த பிறகுதான், சுற்றி நிற்பது முழுக்கச் செவன் கிங்ஸ் சனம் என்பது அவளுக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை, முத்திரை உடைந்துபோயிற்றோ என்று கேட்டுக்கொண்டே அலுவலகத்துக்கு வந்தாள். நான் மொழிபெயர்க்க, ஹெலன் சிரிக்காமல் குறிப்பெடுத்தார். ஐயர் ஏன் என்று கேட்டாரா? இல்லை. வழக்கு என்ற சொல் வந்ததா? இல்லை. அப்படியானால் அவர் என்னதான் கேட்டார்?

“அதுக்கென்ன பிள்ளை, செய்வம். நட்சத்திரம் என்ன?”

புட்டு

ஹெலனின் அலுவலகம் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் மங்களா அந்த பஸ் நிறுத்தத்தில் இறங்குவதை யாரோ கண்டு, அவள் கணவர் சிவபாலனிடம் சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஓட்டுகிற மனுசன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளில் இருந்து வெங்காயம் உரிக்கவும், கோப்பை கழுவவும், காலையில் எழும்பிப் புட்டு அவிக்கவும் தொடங்கிவிட்டார். ஒருநாள் அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாராம். வெங்காயம் உரிக்காத நாள் அது. மனைவிக்குப் பொல்லாத வருத்தம், ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வருகிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்பது மங்களாவுக்குப் புரிந்தது. வாய் திறக்க ஏலாது.

ஹெலன் அமெரிக்காவுக்கு எழுதிக் கேட்டார். மூன்று செவ்வாய்க்கிழமை கழித்துப் பதில் வந்தது: கணவருக்கு மட்டும் சொல்லலாம். எங்கள் அலுவலக வரவேற்பறையில் வைத்தே சொன்னாள். தொழிற்சாலை, ஸ்டிக்கர், அமெரிக்கா, எல்லாவற்றையும் சிவபாலன் தலைகுனிந்து கேட்டார். மேசையில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அதன்பிறகு பேசினார்.

“அப்ப நாளையில இருந்து புட்டை நீயே அவி.”

வசந்தி

வழக்குப் போட்டு இரண்டு வருடம் கழித்து முத்திரையை உடைத்தார்கள். தொழிற்சாலை தவறை ஒப்புக்கொண்டது. மேலாளர்கள் போனார்கள், வேலை நின்றுபோகவில்லை, ஸ்டிக்கர் மறுபடியும் சூட்டுக்குள் போய் மண்ணிறமானது. மங்களாவுக்குப் பங்கு கிடைத்தது. எவ்வளவு என்று மொழிபெயர்த்தேன், மறந்துவிட்டேன். அதுவும் என் தொழில்.

அந்தக் கிழமை என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். இலையை விரித்த நேரம், மணி அடிக்காமல் கதவைத் திறந்துகொண்டு வசந்தி வந்தாள். பதினொரு வருடம் மங்களாவுக்கு எதிரே நின்று அதே மேசையில் பொதி கட்டியவள். விசயம் தொழிற்சாலை முழுக்கப் பரவியிருந்தது. மங்களா அகப்பையும் கையுமாக நின்றாள். முதல் நாள் அவள் என்னிடம் சொன்ன அந்தச் சொல் எந்த நேரமும் வந்து விழலாம். விழுந்தது. ஆனால் அவள் பயந்த மாதிரி விழவில்லை. வசந்தி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு இலையை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

“நீ காட்டிக்குடுத்ததுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையடி. என்னட்டைச் சொல்லாமக் காட்டிக்குடுத்தியே, அதுதான் மனசு ஆறேலாமக் கிடக்கு.”

எங்கள் சனத்தில் ஒருத்தி இரண்டு வருடம் ஒரு விசயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தாள் என்பதை அமெரிக்க நீதிமன்றம் நம்பிவிட்டது, செவன் கிங்ஸ்தான் இன்னும் நம்பவில்லை.