ஊசிக்கு அலறிய நெல் வியாபாரி

முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்கு ஆபரேஷன் வேண்டாமென்று இன்று தஞ்சாவூரில் அக்குபங்சருக்குப் போனேன். முதல் ஊசி பட்டதுமே அலறிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு. திரும்பினால், வருஷா வருஷம் எனக்கு நெல் போடும் நன்னிலத்து விவசாயி, இடுப்புவலிக்காகப் படுத்திருக்கிறார்.

"என்ன முதலாளி, முடி மாதிரி ஊசிக்கே இப்படியா? எங்க மூட்டைல குத்தூசியச் சொருகி நெல்ல உருவுறப்ப சிரிச்சுக்கிட்டுல்ல இருப்பீங்க! சாம்பிள்னு எடுத்தத ஒரு தடவையாவது திருப்பிப் போட்டீங்களா? இந்த அறுவடைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஊசி போட்ட அம்மாவும் என்னையே பார்த்தார். காலில் ஊசிகளோடு எழுந்து ஓடவும் முடியாது. கூசிப்போய்க் கிடந்தேன்.

"இனிமே திருப்பிப் போட்டுடறேங்க. நெல்ல எனக்கே குடுங்க" என்றேன்.

படுத்தபடியே பேசி முடித்தோம். குத்தி எடுத்த நெல் அவர் மூட்டைக்கே திரும்பும். நான் அலறியதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது.