கோளாறு இல்லாத வேகன்

ஒரே வாரத்தில் இரண்டு பழைய ஐரோப்பிய வேகன்கள் விலைக்கு வந்தன. பின்பக்கம் நீண்டு, ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு ஏறக்கூடிய கார்கள். வீட்டில் நான் ஒருவன்தான். பிறகு வேகன் எதற்கு என்று கேட்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

வெள்ளை வண்டி பத்து வருடம் படுத்தாது என்றார்கள். ஆனால் அதை ஓட்டுவது கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. நீல வண்டியோ பள்ளத்தூர் சாலை வளைவுகளில் நான் நினைத்த மாத்திரத்தில் திரும்பியது.

காரைக்குடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் நீலம் வேண்டாம் என்றார். "மாசத்துக்கு ஒருக்கா என்கிட்ட கொண்டாந்து நிப்பீக, பாத்துக்கங்க."

அவர் எடுத்தவுடன் பானெட்டைத் திறக்கிறவர் இல்லை. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, பள்ளத்தூர் போய்த் திரும்பும்வரை சத்தத்தைக் கேட்பார்.

நீலத்தைத்தான் வாங்கினேன். ஸ்டியரிங்குக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதம் ஆயிற்று. சனியன், ஒரு பல்புகூடப் போகவில்லை. பக்கத்து சீட்டில் என் தண்ணீர் பாட்டில் மட்டும் வந்துகொண்டிருந்தது. போன வாரம் பொறுக்கமாட்டாமல், முன்சக்கரத்தில் ஏதோ உரசுகிறது என்று பொய் சொல்லி அவரிடம் கொண்டுபோனேன். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார்.

பள்ளத்தூர் வந்தது. "சத்தம் ஒண்ணும் இல்ல" என்றார். நான் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஏன் திருப்புறீக? இன்னும் கொஞ்சம் அங்குட்டுப் போங்க, கேப்போம்."