வாசற்படி எழுதிய முன்னோட்டம்

என் மனைவிக்கு அவள் ஆபீஸில் வாசற்படி என்று பெயர். இன்னும் வெளிவராத வீடியோ கேம்களை முன்கூட்டியே விளையாடிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எழுதுவது அவள் வேலை. கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆரம்பப் பகுதியை மட்டும் விளையாடவிட்டு அனுப்பிவிடுவார்கள். முழு ஆட்டம் கடைக்கு வந்த பிறகு விமர்சனம் எழுதுவது வேறொரு ஆள். எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் வாசலோடு திரும்பி வருகிறவள் என்பதால் அந்தப் பெயர். வாசலைப் பார்த்தாலே அடுப்படி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பாள் அவள்.

தெரியவும் செய்யும். அவள் மோசம் என்று எழுதியது கடைசியில் மோசமாகத்தான் இருக்கும். கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் பையையும் பொம்மை வாளையும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவாள். வெளிவராத விளையாட்டின் மேல் உயிரையே வைத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் அவளை வண்டை வண்டையாகத் திட்டி எழுதும். துணி மடித்துக்கொண்டே அதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எனக்கு இந்த விளையாட்டெல்லாம் மண்ணும் தெரியாது. ஆனால் யாருக்கும் வளைந்து கொடுக்காத அந்தக் குணம்தான் அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்கும் கம்பெனியில் பல வருஷமாக வேலை பார்த்தான். மந்திரவாதி, டிராகன், கோட்டை, கொத்தளம், குதிரையில் ஏறி எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு முழு உலகத்தையே செய்துகொண்டிருந்தார்கள். அதில் அவன் காடும் ஆறும் செய்கிறான் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இவளிடமும் இவள் வேலைக்கு அதே மாதிரி கையெழுத்து வாங்குவார்கள். அதனால் அக்காவும் தம்பியும் போனில் பேசினால் சாப்பிட்டியா, தூங்கினியா, முதுகு வலி தேவலையா, அவ்வளவுதான். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேர் நாள் முழுக்கச் சோற்றைப் பற்றியே பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

இதற்கு முன் அவன் வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டது. அவர்கள் செய்த விளையாட்டை முதலில் பார்த்தவர்கள் எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பணம் போட்டவர்கள் ஓடிப்போனார்கள். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு வருஷம் என் மனைவி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போய் வந்தாள்.

அப்படி இருக்கும்போது, தம்பி கம்பெனியின் விளையாட்டைப் பார்த்து எழுத இவளுக்கே அழைப்பு வந்தது. தம்பி அங்கே இருக்கிறான் என்று உங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி, வேறு யாரையாவது அனுப்பச் சொல் என்றேன். வேறு யாராவது போனால் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார்கள் என்றாள்.

"நீ மட்டும் ஈவு இரக்கம் பாப்பியாக்கும்? ரோப் தேஞ்ச லிஃப்ட்டுக்கு நல்லா இருக்குன்னு நான் எழுதிக் குடுப்பேனா?" என்று கேட்டேன்.

"லிஃப்ட் அறுந்தா ஆள் சாவான். விளையாட்டு நல்லா இல்லேன்னா யாரு சாகப் போறா?"

தம்பி அங்கே இருப்பதை ஆபீஸில் யாரிடமும் சொல்லாமல் அவள் போனாள். தான் வருவதைத் தம்பியிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மழை பெய்கிற காடு அவ்வளவு அழகாம், அதில் அப்படியே நின்றுவிட்டாளாம். அதோடு சரி. பாலத்தில் ஏறியதும் குதிரை வயிறு வரை கல்லுக்குள் புதைந்துவிட்டது. கொல்லனின் வீடு பற்றி எரிகிறது, அவன் சிரித்த முகத்தோடு இன்று நல்ல வெயில் என்கிறான். மலையைத் தாண்டிப் போனால் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நார் நாராகக் கிழித்திருப்பாள்.

ஆனால் வந்த கட்டுரை விளக்கெண்ணெயில் வெண்டைக்காயைப் போட்ட மாதிரி இருந்தது. குதிரை இல்லை, கொல்லன் இல்லை, மலையும் இல்லை. காட்டு மழையைப் பற்றி மட்டும் பத்தி பத்தியாக எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: 'சின்னச் சின்னக் குறைகளை விட்டுவிட்டால், இந்த உலகம் நம்மை வரவேற்கத் தயாராக இருக்கிறது.' குதிரை எங்கே போயிற்று என்று நானும் கேட்கவில்லை. நானும் அந்தப் பையனைச் சுவர் ஓரமாகப் பார்த்தவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். கட்டுரையைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். மணிக்கட்டில் வலிக்குப் போடும் பட்டையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். தட்டைத் தொடவில்லை. பாலத்தில் குதிரை புதைந்ததா என்று கேட்டான். புதைந்தது என்றாள். கொல்லன்? பார்த்தேன். மலைக்கு அந்தப் பக்கம்? அதையும் பார்த்தேன் என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா எழுதல?"

"உனக்காகத்தான்டா. உன்னை மறுபடியும் அப்படிப் பாக்க என்னால முடியாது."

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். இந்த விளையாட்டு அரைவேக்காடு என்று அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியுமாம். இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று மேலிடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார்களாம். முதலில் வெளியாட்கள் பார்க்கட்டும், அவர்களும் தயாராகவில்லை என்று சொன்னால் கொடுக்கிறேன் என்றாராம் முதலாளி.

"மத்தவங்க பூசி மெழுகுவாங்கன்னு தெரியும். வர்றவங்கள்ல நீயும் ஒருத்தின்னு தெரிஞ்சதும் எங்க ஆளுங்க கை தட்டினாங்கக்கா. இவங்க விடவே மாட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. மீட்டிங்ல முதலாளி நீ எழுதின அந்த ஒரு வரியைத்தான் திரையில பெருசாப் போட்டாரு. யாரையும் விட்டு வைக்காத பொம்பளையே தயார்னு சொல்லிட்டாங்க, இன்னும் என்னய்யா வேணும்னு கேட்டாரு. அங்க எத்தனை பேரு உன்கிட்ட திட்டு வாங்கறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தோம் தெரியுமா?"

நாளைக்கே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன் என்று எழுந்தாள். அவன் தலையை ஆட்டினான். இப்போது மாற்றி எழுதினால் ஏன் என்று கிளறுவார்கள், அக்கா தம்பி என்பது வெளியே வரும், உள் விஷயத்தைச் சொன்னவன் இவன்தான் என்று இவனைத் துரத்துவார்கள், அவள் எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றான். அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். அவன் சாப்பிடாமலேயே எழுந்து போனான்.

விளையாட்டு சொன்ன தேதியில் வெளிவந்தது. பாலத்தில் புதைந்த குதிரையைப் பார்த்து ஊரே சிரித்தது. அவள் ஆபீஸில் விமர்சனம் எழுதியவர், அவள் என்னிடம் கொட்டிய அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். முதலாளிக்கு யார் தலையிலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. காடும் ஆறும் செய்தவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார். தம்பி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இருந்த இடத்தையும் காலி செய்துவிட்டான். இவள் கூப்பிட்டால் போனை எடுப்பதே இல்லை.

போன வாரம் நான் வேலை முடிந்து வந்து கால் வைத்ததும் என் போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ். அவள்தான் பையிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். தம்பி பேசினான். நன்றாக இருக்கிறானாம், கவலைப்பட வேண்டாமாம். ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறானாம். எந்தத் தெரு என்பதையும் சொன்னான். நான் குறுக்கே பேச வாயெடுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தான். பாக்க வந்துருவா."

அவள் போனைப் பிடித்த கையை இறக்கவில்லை. நான் என்ன பதில் சொல்கிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.